திரும்பத் தூங்கிய அட்டைகள்

மார்ச் 3, திங்கள்

காலையில் ஆய்வகத்தின் குளிர் அறையைத் திறந்ததும் முகத்தில் குளிரே அடிக்கவில்லை. பத்து டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு. கம்ப்ரசர் மண்டையைப் போட்டுவிட்டது. “சனிக்கிழமையே நின்னிருக்கும்க்கா” என்றார் மெக்கானிக், ஏதோ நல்ல சேதி சொல்வது போல.

உள்ளே அறுபது அட்டைகள். அட்டை முழுக்க அந்துப்பூச்சி முட்டைகள், ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குளவி. வயலில் கட்டினால் வெளியே வந்து, காய்ப்புழுவின் முட்டையைத் தேடிப் போய் அதற்குள் தன் முட்டையை வைக்கும். புழு பிறக்கவே பிறக்காது. கேட்டு ஆள் வரும்வரை குளிரில் தூங்க வைப்போம். பதினைந்து நாள், அதற்கு மேல் கூடாது.

எல்லாவற்றையும் அடுத்த அறைக் குளிர்பெட்டிக்கு மாற்றினேன். உள்ளே வைப்பவர் அன்றைய தேதியைப் போட வேண்டும் என்பது இங்கே விதி. பழைய தேதியை அடித்துவிட்டு 3 என்று போட்டேன். இன்னும் பதினைந்து நாள் கிடைத்தது. அப்பாடா.

மார்ச் 6

மெக்கானிக்கின் ‘இதோ வந்துட்டேன்’ எத்தனை மணி நேரம் என்று யாராவது அளந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

தக்காளி போடும் அக்கா, எங்களுக்குத் ‘தக்காளி அக்கா’, வந்திருந்தார். இலையில் முட்டை கண்டுவிட்டதாம். போன வருடம் அவர் வீட்டுக்காரர் மருந்தடிக்கும்போதே வரப்பில் சுருண்டு விழுந்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். “இந்தத் தடவை மருந்து வேணாம்னு அவர்கிட்ட மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கியிருக்கேன்மா. காய்ல ஓட்டை விழுந்தா மருந்து டேங்கைத் தூக்கி முதுகுல மாட்டிடுவாரு” என்றார்.

இருபது அட்டை கொடுத்தேன். “எட்டு நாள்தான்க்கா தூங்கியிருக்கு. தைரியமா கட்டுங்க.” என் வாயால் சொன்னேன்.

மார்ச் 13

அதே அட்டைகளிலிருந்து சோதனைக்கு வெட்டி வைத்திருந்த துண்டில் குளவிகள் வந்துவிட்டன. பத்து முட்டைக்கு எட்டில் ஓட்டை. நோட்டில் ‘நன்று’ என்று எழுதிவிட்டு எழுந்தேன்.

பிறகுதான் பார்த்தேன். எப்போதும் கண்ணாடிக் குழாயின் வெளிச்சப் பக்கம் பறந்து போய் மொய்க்கும். இன்று எல்லாம் அடியிலேயே நடந்துகொண்டிருக்கின்றன. லென்ஸில் வைத்தால் — ஐயோ. இறக்கை கசங்கிக் கிடக்கிறது. பாதிக்கு மேல் அப்படித்தான்.

மார்ச் 14, வெள்ளி

அட்டையில் நான் அடித்த கோட்டுக்கு அடியில் பழைய தேதி இன்னும் தெரிகிறது. பிப்ரவரி 17. ஆக எட்டு நாள் இல்லை, இருபத்திரண்டு நாள். நடுவில் இரண்டு நாள் எழுப்பிவிட்டு, திரும்பத் தூங்க வைத்திருக்கிறேன்.

கூட வேலை பார்க்கும் ‘தராசு’விடம் சொன்னேன். எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் பேசுவார், அதனால் அந்தப் பெயர். “தேதி விதிப்படிதானே போட்டிருக்கே? உன்னை யாரு கேக்கப் போறா?”

யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் பிரச்சினை. விதியாம் விதி! அறுபது அட்டையைக் குப்பையில் கொட்ட மனசு வரவில்லை, அதற்கு விதி வசதியாக இருந்தது. இதையாவது இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

மார்ச் 15

அக்காவுக்குப் போன் செய்தேன். “அட்டையெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்குமா! எல்லாக் குட்டியும் வெளிய வந்துடுச்சு!” என்று ஒரே சந்தோஷம். நான் “ஆமாக்கா” என்றேன். ஆமாக்கா! என் நாக்கில் இடி விழ.

மார்ச் 16, ஞாயிறு

குளிரையே பார்க்காத புது அட்டைகளை எடுத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனேன். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“வியாழக்கிழமை.”

“நேத்துப் பேசினியே?”

“தைரியம் வரலைக்கா.”

“அவரு நேத்துதான் டேங்கைக் கழுவிக் கவுத்து வெச்சாரு. உன் பேச்சை நம்பி.” திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அங்கேயே அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

அக்கா என் கையிலிருந்து லென்ஸை வாங்கிக்கொண்டு செடிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். பழைய அட்டை கட்டிய செடிகளில் சில முட்டைகள் கறுத்திருந்தன. குளவி உள்ளே வளர்ந்தால்தான் முட்டை கறுக்கும். அடுத்த செடியில் ஒன்றுகூட இல்லை. நடந்தே போய் எட்டிய வரைக்கும் வேலை செய்திருக்கின்றன, பாவம்.

“பறக்க முடியாததுகூடச் சும்மா உக்காரல பாரு. நீ எதுக்கு உக்காந்து அழுவுற? எந்திரி, கட்டலாம்.”

மார்ச் 23

கிழக்கு ஓரம் நான்கு வரிசை போய்விட்டது. காய் முழுக்க ஓட்டை. அக்கா வீட்டுக்காரர் டேங்கைத் தூக்கிவிட்டாராம். உடனே அக்கா அந்த நான்கு வரிசையை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, “இப்ப எதுக்கு அடிப்பீங்க?” என்று கேட்டிருக்கிறார்.

அந்த நான்கு வரிசை என்னால் போனது.

மார்ச் 25

எங்கள் ஆய்வகத் தலைவர், டாக்டர், விடுப்பு முடிந்து வந்தார். எல்லாம் சொன்னேன். முகத்தைச் சுளித்தார், ரொம்பத் திட்டவில்லை. மீதி நாற்பது அட்டையையும் என் கையாலேயே கொட்டினேன்.

ஏப்ரல் 9, புதன்

தக்காளி அக்கா வந்தார், அடுத்த பாத்திக்கு. மேசையில் அட்டைகளை வைத்தேன். தேதியைப் பார்ப்பார் என்று அவர் பக்கம் திருப்பினேன். பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: “எத்தனை நாள் தூங்குச்சு?”

“பதிமூணு நாள்க்கா. கணக்குக்குச் சரிதான். ஆனா எனக்கு மனசு ஒப்பல. வெள்ளிக்கிழமை புதுசு வரும்.”

“அப்ப வெள்ளிக்கிழமை வரேன்” என்று பையை மடித்துக்கொண்டு போய்விட்டார்.