தையல் மெஷினுக்கு மேலே ஒரு திரை

மார்ச் 4, செவ்வாய்

என் வீட்டுக்காரருக்குத் தொண்டை ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம். நாள் முழுக்கப் பேசிப் பேசியே ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர், இப்போது குரல் போய், சிலேட்டும் கையுமாக இருக்கிறார். நானோ அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து திரைச்சீலை தைப்பவள். இன்று திரும்பிப் பார்த்தபோது எதையோ அழித்துக்கொண்டிருந்தார். "என்ன எழுதினீங்க?" ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். எவ்வளவு நேரம் காட்டிக்கொண்டு நின்றாரோ.

மார்ச் 6

போனில் அனுப்பினால், ஒவ்வொரு தடவையும் துணியை விட்டுவிட்டு எடுத்துத் திறக்கணும். தங்கையிடம் புலம்பினேன். அவள் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரி.

"அவர் போன்ல தட்டினா உன் கண்ணு முன்னாடி பெரிசா வர்ற மாதிரி நீயே ஒரு சர்வர் எழுதுக்கா. பழைய லேப்டாப் போதும்."

"சர்வர்னா ஓட்டல்ல பரிமாறுறவர்தானே?"

"கிட்டத்தட்ட அதேதான். கேட்டா கொண்டுவந்து வைக்கும்."

மார்ச் 9

தங்கை போனில் சொல்லச் சொல்ல, ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஏழு வரி எழுதினேன். பிரவுசரில் 'வணக்கம்' வந்தது. எனக்கு நானே வணக்கம் போட்டுக்கொண்டதற்கு இவ்வளவு சந்தோஷமா?

மார்ச் 11

ஒரு அடைப்புக்குறியை மூடவில்லை. அரை நாள் போச்சு.

மார்ச் 16

அவர் அனுப்பும் வரிகள் ஒரு ஃபைலில் சேர்ந்து, அங்கிருந்து திரைக்கு வரணும். வரவில்லை. அதற்குப் பதில் புரியாத இரண்டு இங்கிலீஷ் வார்த்தை.

"ஃபைலைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள நீ அடுத்த வரிக்கு ஓடிட்டேக்கா. அந்த இடத்துல 'அவெயிட்'னு போடு. காத்திருன்னு அர்த்தம்."

போட்டேன். வந்தது. ஆனால் மனசு அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டது. சிலேட்டில் அவர் பாதி எழுதும்போதே மீதியை நான்தானே சொல்லி முடிக்கிறேன்? "தண்ணியா? மாத்திரையா?" அவரும் பாவம், தலையாட்டிவிடுகிறார். அதில் எத்தனை தடவை அவர் சொல்ல வந்தது வேறு எதுவோ — கேட்டேனா நான்? கேக்கவே இல்லையே.

மார்ச் 18

மெஷினுக்கு மேலே பலகை அடித்து லேப்டாப்பை வைத்தாயிற்று. அவருடைய முதல் செய்தி:

'கீழ்நூல் தீர்ந்து பத்து நிமிஷம் ஆச்சு. சும்மா ஓட்டையாப் போட்டுக்கிட்டிருக்கே.'

சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. அவர் தோள் குலுங்கியது. சத்தமில்லாத சிரிப்புதான், ஆனாலும் அவருடைய சிரிப்பு.

ஏப்ரல் 2

இன்று சண்டை. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சண்டை. கட்டிலை ஜன்னல் பக்கம் போடலாம் என்கிறார், நான் கூடாது என்றேன். நான் கத்தினேன், அவர் தட்டினார். நான் ஒன்று சொல்வதற்குள் திரையில் மூன்று வந்து விழுந்தன. 'உங்க அம்மா வீட்டுப் பிடிவாதம்' என்றுகூட! நடுவில் தங்கை போன்.

"என்னக்கா மூச்சு வாங்குது?"

"உங்க மாமாகூட சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்டி. அப்புறம் பேசு."

கட்டிலின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். ஜன்னல் பக்கம் காற்று நன்றாகத்தான் வருகிறது. அவரிடம் சொல்லப் போவதில்லை.