போதுமான காலம் ஆடாதவர்

டேட்டன், ஒஹாயோ
16 மே 1966

அன்பு மகள் மார்வாவுக்கு,

இங்கே நலம். சியாட்டிலில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கூரை ஒழுகுவது ஒருவழியாக நின்றது. வேறு நல்ல செய்தி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

நம் ஊரில் பிறந்த பேஸ்பால்காரர்களில், இரண்டாவது பேஸில் ஆடியவர்களுள் எக்காலத்துக்கும் சிறந்தவர் யார் என்று ஒரு கமிட்டி கூடித் தேர்ந்தெடுத்தது. உன் அப்பாவா, எம்மெட் ஸ்ட்ரோபெலா? வெள்ளைக்காரர் ஸ்ட்ரோபெல்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதுகூடப் போகட்டும். அவரும் நன்றாக ஆடியவர்தான்.

ஆனால் பத்திரிகைக்காரன் எழுதியதுதான் பொறுக்கவில்லை. இரண்டு பேர் படத்தையும் அருகருகே போட்டு, கீழே அவரவர் பந்தடித்த கணக்கு. ஸ்ட்ரோபெல் பதினேழு வருஷம், 2,142 ஹிட். பெட்டிஃபோர்ட் எட்டு வருஷம், 1,080 ஹிட். அதற்கும் கீழே ஒரு வரி: "பெட்டிஃபோர்ட் திறமைசாலி, ஆனால் போதுமான காலம் ஆடவில்லை."

ஆடவில்லையாம்! இருபத்தொரு வயதிலிருந்து முப்பத்தொன்று வரை கறுப்பர் லீக்கில் ஆடினாரே, பஸ்ஸிலேயே தூங்கி, மத்தி மீன் டப்பாவைப் பிரித்துத் தின்று, ஒரே நாளில் இரண்டு ஊரில் ஆடினாரே, அது என்ன, கோலி விளையாட்டா? வெள்ளைக்காரர்கள் பெரிய லீக்கின் கதவை நமக்குத் திறந்தபோது அவர் முழங்கால் பாதி தேய்ந்துவிட்டது. அப்படியும் வகுத்துப் பார்த்தேன். வருஷத்துக்கு ஸ்ட்ரோபெலுக்கு நூற்று இருபத்தாறு, உன் அப்பாவுக்கு நூற்று முப்பத்தைந்து.

மறுநாளே பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். எழுதியவன் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். அந்த லீக்கின் கணக்கு எங்கும் கிடைக்கவில்லை, இல்லாததை எப்படிப் போடுவது என்றான். "கணக்கு இல்லாதது அவர் தப்பா தம்பி? அப்ப எழுத வேண்டியது உங்க பத்திரிகைதானே. ஏன் எழுதல?" என்று கேட்டேன். அவன் காப்பி குடிக்கிறீர்களா என்றான்.

வியாழக்கிழமை ஸ்ட்ரோபெலே வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமை கமிட்டி வைக்கும் மதிய விருந்தில் பரிசுப் பலகையை உன் அப்பா கையால் வாங்கிக்கொள்ள ஆசையாம். எனக்கு வந்த கோபத்தில் அடுக்களைக்குள் போய்விட்டேன். உன் அப்பா அவரை உட்காரவைத்து நிதானமாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

"எம்மெட், உன் பதினேழு வருஷத்துல மொத பத்து வருஷம், என்னை மாதிரி ஆளுங்க யாராவது எதிர்ல ஆடினாங்களா?"

"இல்ல, லூஷியஸ்."

"அதை மேடையில சொல்லு. நான் வர்றேன்."

சொல்கிறேன் என்று கை கொடுத்துவிட்டுப் போனார்.

சொல்லவில்லை. பலகையை வாங்கினார், மனைவிக்கு நன்றி சொன்னார், பழைய பயிற்சியாளருக்கு நன்றி சொன்னார், ஹோம் ரன் கதை ஒன்று சொல்லிச் சிரிக்க வைத்தார், உட்கார்ந்துவிட்டார். உன் அப்பா பக்கத்திலேயே காத்துக்கொண்டு நின்றார். பிறகு மைக்கின் முன்னால் போய், "எம்மெட்டுக்கு ஒரு வரி விட்டுப்போச்சு. மொத பத்து வருஷம் எங்களை உள்ள விடல" என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. மேடையை விட்டு இறங்கி, சாப்பாட்டைத் தொடாமல் வாசலை நோக்கி நடந்தார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பரிமாற நின்றிருந்தவர்கள் எல்லோரும் நம் ஆட்கள். தலை நரைத்த ஒருவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். "தம்பி, நாப்பத்தொண்ணுல இங்க ஒரே நாள்ல அஞ்சு ஹிட் அடிச்ச. நான் எண்ணினேன்" என்றார். உன் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டு நாளாக அவர் வீட்டை விட்டு நகரவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு மட்டும் வாசலுக்குப் போகிறார். கிறிஸ்துமஸ் அன்று, வெள்ளைக்காரர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர் என்று நீ அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாய். அதை அவர் என்னிடம் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நானும் உன்னைக் கேட்கவில்லை.

எனக்குப் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணே. உறையின் மேல் அவர் பெயரை எழுது. உள்ளே ஒரு வரி இருந்தால் போதும்.

கடவுள் உன்னை நல்லபடி வைக்கட்டும்.

உன் அம்மா,
ஒடெஸ்ஸா பெட்டிஃபோர்ட்