வெறும் தட்டில் இருந்தது

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் குறை சொல்லும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்பதே தினமும் நினைப்பு. அப்பாவின் முழங்கால் வலி மாடிப்படியைக் கண்டால் மட்டும்தான் வருகிறது. மூன்று வாரமாக நான் சரியாகப் பேசுவதில்லை என்று கோபித்துக்கொண்டாயே, போனில் வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன், கொட்டாவி விடாமல் படி.

நம் உடம்பின் செல்கள் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பைகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், நுண்பைகள் என்போம். சிறுநீரக நோயாளிகளின் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்தபோது அவற்றின் நுண்பைகளில் ஒரு புரதம் ஏராளமாக இருந்தது, அதை வைத்து நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்று நானும் என் மாணவியும் நான்கு வருடம் உழைத்துக் கட்டுரை எழுதினோம், பெரிய ஆஸ்பத்திரி ஒன்று நோயாளிகளைச் சோதிக்க நாளும் குறித்தது. போன மாதம் புது இயந்திரத்தைச் சரிபார்க்க, செல்லே போடாத வெறும் தட்டின் திரவத்தை ஓட்டினேன். அதிலும் அதே பைகள், அதே புரதம். செல் வளர ஊற்றுகிற சீரத்திலிருந்து, அதாவது கன்றுக்குட்டி ரத்தத்தின் தெளிநீரிலிருந்து, வந்தவை. ஆரம்பத்தில் ஒருமுறை வெறும் தட்டைச் சோதித்தோம், ஒன்றும் இல்லை, சீரம் வாங்கும் இடத்தை மாற்றிய பிறகு சோதிக்கவில்லை. நோயாளிகளின் செல்கள் சவலையாக வளர்ந்ததால் அவற்றுக்கு மட்டும் சீரத்தை அதிகமாக ஊற்றினோம், அதனால் புரதமும் அதிகமாகத் தெரிந்தது, அவ்வளவுதான் எங்கள் கண்டுபிடிப்பு.

துறைத் தலைவரிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு, "அவசரப்படாதீங்க மேடம், இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். சொன்னால் அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்க இருக்கும் என் மாணவியின் நான்கு வருடம் போகும், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படித்தவள். சொல்லாவிட்டால், ஆஸ்பத்திரியில் இந்தப் புரதம் இல்லாதவர்களை நோயில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதினோரு நாள், ஜன்னல் இல்லாத அந்த அறையில் இயந்திரம் சுழன்று முடியும்வரை உட்கார்ந்திருப்பேன், எந்தப் பக்கம் யோசித்தாலும் சுவர்தான். அப்பா, "பரீட்சையில கோட்டை விட்ட பொண்ணு மாதிரி மூஞ்சிய வச்சிருக்க" என்றார், அவர் மேல் எரிந்து விழுந்தேன், பாவம்.

பன்னிரண்டாம் நாள் மாணவியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். தலைகுனிந்தபடி, "எட்டு மாசமா தெரியும் மேடம்" என்றாள். அவளும் வெறும் தட்டைப் பார்த்திருக்கிறாள். ஏம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். "வராந்தாவுல ஒரு நாள் ஆரம்பிச்சேன், எழுதி முடிக்கிற வழியப் பாருன்னு கத்திட்டுப் போயிட்டீங்க" என்றாள். கத்தியது எனக்கு நினைவே இல்லை வாலு. நான் பதினோரு நாள் தவித்த தவிப்பை அந்தப் பெண் எட்டு மாதம் சுமந்திருக்கிறாள், என் வாய்க்குப் பயந்து.

அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அதை வெளியிட்ட இதழுக்கு எழுதினோம், ஆஸ்பத்திரிக்கும் தெரிவித்தோம், சோதனையை நிறுத்திவிட்டார்கள். துறைத் தலைவர் லிஃப்டில் என்னைப் பார்த்தால் படியில் போகிறார். எல்லாவற்றையும் சீரமில்லாத திரவத்தில் முதலிலிருந்து செய்ய ஒரு வருடமாவது ஆகும், அவளை நட்டாற்றில் விட்டு நான் ஓய்வு பெற முடியாது. ஆகவே கோடையில் உன்னிடம் வந்து இருக்கிறேன் என்று சொன்னது நடக்காது, திட்டாதே.

இன்னொன்று. ஞாயிறுதோறும் நீ, "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா" என்கிறாய். எட்டு மாதமாக அந்தப் பெண்ணும் இதே குரலில்தான், வேலை நன்றாகப் போகிறது மேடம் என்றாள். மாப்பிள்ளை போனுக்கு வந்து எத்தனை நாளாகிறது? ஒன்றுமில்லை என்றால் சந்தோஷம். இருந்தால் சொல்லு. கத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் கத்தி முடித்ததும் உன் பக்கம்தான் நிற்பேன்.

நோய்நொடி இல்லாமல் நீ மனம்போல் வாழ வேண்டும், அப்பாவின் ஆசியும் இதில் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. ஞாயிறு அன்று அப்பாவைக் கடைக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பேன், கூப்பிடு.

எப்போதும் உன்,
அம்மா