இன்றைக்கு நீச்சலுக்குப் போகாதே

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நீ அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுதப் போன கையை இன்றைக்கு நிறுத்திவிட்டேன். முதலில் ஒன்று, இதைப் படித்துவிட்டு நீச்சல் குளத்துக்குப் போகாதே. ஏன் என்று சொல்கிறேன், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்.

உன் தம்பி இரண்டு மாதத்துக்கு முன்னால் ஓட்டப் பந்தயத்தில் மயங்கி விழுந்தான். வெறும் வயிறு என்றாள் உன் அம்மா, ராத்திரியெல்லாம் போனை நோண்டினால் இப்படித்தான் என்று நான் வேறு அவனை வறுத்தெடுத்தேன். பிறகு மாடிப்படி ஏறும்போது இன்னொரு தடவை. உனக்குச் சொல்லிவிடலாம் என்று அம்மா துடித்தாள், நான்தான் அவ ஆராய்ச்சிய ஒப்படைக்கிற நேரம், தனியா உக்காந்து அழுவா, மூச்சு விடாத என்று அவள் வாயை அடைத்தேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் தம்பி குளிக்கிறான், தூங்குகிறான் என்று கூசாமல் புளுகினேன். அவன் அப்போது ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயரோடு படுத்திருந்தான்.

நேற்று முடிவு வந்தது. டாக்டரம்மா ஒரு படம் போட்டுக் காட்டினார், நான்கு துண்டு கூடி நடுவில் ஒரு துளை. போன லீவில் நீ கம்ப்யூட்டரில் சுற்றிச் சுற்றிக் காட்டினாயே, செல்லின் சுவரில் இருக்கும் அதே அயனி வழித்தடம்! பொட்டாசியத்தை விடும், அதைவிடச் சின்ன சோடியத்தை விடாது என்றாய், நம்ம வாட்ச்மேன விடக் கறாரா இருக்கே என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். தம்பிக்கு அந்தப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறதாம், அதனால் வாசல் சரியாகத் திறக்காமல் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகத் தாமதமாகிறதாம். லிஃப்ட் கதவு ரிப்பேர் பார்க்கிற எனக்கு அதை விளக்கவா வேண்டும். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஒழுங்காகச் சாப்பிட்டால் பயமில்லை, தம்பி இப்போது துரை மாதிரி சோபாவில் சாய்ந்துகொண்டு எங்களை வேலை வாங்குகிறான்.

இது பரம்பரையாக வருவதாம். அவனோடு எனக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள், என்னிடமிருந்துதான் போயிருக்கிறது. வேற பிள்ளைங்க இருக்காங்களா என்று டாக்டரம்மா கேட்டார், மகள் இருக்கிறாள், இந்த வழித்தடத்தைத்தான் ஆராய்கிறாள் என்றேன். அப்ப அவங்க என்ன சொன்னாங்க என்றார். அவளிடம் இன்னும் சொல்லவே இல்லை என்றேன். உனக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பாம், இந்த வகைக்கு நீச்சல் ஆகவே ஆகாதாம், தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வந்துவிடுமாம். நீயோ விடிந்ததும் தண்ணீரில் குதிக்கிறவள். உடம்பில் வந்தது என் குற்றமில்லை என்கிறார்கள், வாயை மூடிக்கொண்டது நான்தானே? நேற்றுகூட உன்னைக் கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். இன்று காலையும் நீ குளத்தில் இறங்கியிருப்பாய்.

இதைத் தம்பி போட்டோ எடுத்து இப்போதே அனுப்புகிறான். வேலை கிடக்கட்டும், முதலில் இசிஜி எடு. அம்மாவும் நானும் நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க மனசார வாழ்த்துகிறோம். படித்ததும் கூப்பிடு. வாய்க்கு வந்தபடி கத்து, நான் கேட்டுக்கொள்கிறேன். நீ கரையில் நின்று கத்துகிறாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா