கழுவாத மரத்தொட்டி

ஜூன் 3
மாலை வகுப்பு ஆசிரியை, "தினமும் எழுதுங்க ஐயா, கை பழகிடும்" என்றார். நாற்பது வருடம் ரொட்டி அடுப்படியில் மாவு பிசைந்த கை. இப்போது பேனா பிடிக்கிறது. ழ போடும்போது மாவைத் திரித்து வளைக்கிற மாதிரியே இருக்கிறது. பக்கம் முழுக்க ழ போட்டேன். என்ன அழகு.

ஜூன் 5
கடையில் பிஸ்கட் பொட்டலங்களை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். "கோதுமை சேர்க்கப்படவில்லை." கடைக்காரர், "பெரியவரே, வாங்குறீங்களா, இல்ல பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்றார். இரண்டும்தான் என்றேன்.
எல்லாம் பேத்திக்கு. குருவி என்று கூப்பிடுவோம். கோதுமை அவள் குடலை அரிக்கிறதாம். டாக்டர் சீலியாக் என்றார். ரொட்டிக்காரன் பேத்திக்கு ரொட்டி விஷம்!

ஜூன் 9
மருத்துவமனையில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அம்மா பொட்டலங்களைப் பார்த்து முகம் சுளித்தார். "கோதுமை இல்லைன்னா மட்டும் போதுமா? இதெல்லாம் வெறும் சர்க்கரை. முட்டை, பருப்பு, கீரைன்னு வீட்ல செஞ்சு குடுங்க."
மருமகள் பொட்டலப் பையை என் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தாள். பொட்டலம் வாங்கியவன் நான்தானே.
ஒரு யோசனை இருக்கிறது.

ஜூன் 12
புதிதாக அரைத்த அரிசி மாவு, பருப்பு மாவு, முட்டை. பரணிலிருந்து என் மரத்தொட்டியை இறக்கினேன். ரொட்டிக்காரர்கள் தொட்டியைக் கழுவ மாட்டோம், சுரண்டத்தான் செய்வோம். கழுவினால் மாவு எழும்பாது. நன்றாகச் சுரண்டினேன்.
ரொட்டி உப்பி வந்தது. குருவி ஒரு துண்டு தின்றுவிட்டு, இன்னொன்றை மடியில் ஒளித்துக்கொண்டாள். "தாத்தா, இனி நானும் பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி கொண்டு போலாமா?"
தினமும் சுடப் போகிறேன்.

ஜூன் 13
சந்தோஷம் — ஷ போடத்தான் கஷ்டம்.

ஜூலை 2
குருவிக்கு மறுபடி வயிறு உப்பிக்கொண்டது. பேதி. பக்கத்துப் பிள்ளையின் டப்பாவில் கை வைத்திருப்பாள் என்கிறாள் மருமகள்.

ஜூலை 6
மருமகள் புத்தகப் பையைத் தரையில் கொட்டினாள். ஒன்றுமில்லை.
"எங்கடி ஒளிச்ச?"
"நான் எடுக்கலம்மா."
கன்னத்தில் ஓர் அறை. என் மகன் போனிலிருந்து தலை தூக்காமல், "திருட்டுக் கழுதை, செத்தாதான் புத்தி வரும்" என்றான். குருவி என்னைப் பார்த்தாள். நானும்தான் சொன்னேன்: "உண்மையச் சொல்லிடு கண்ணு. தாத்தா ரொட்டி இருக்கும்போது ஊரார் ரொட்டி எதுக்கு?"
அழுதாள். தேற்றுவதற்கு ஒரு துண்டு கூடுதலாகக் கொடுத்தேன். விக்கிக்கொண்டே தின்றாள்.

ஜூலை 15
பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தனி மேசை. மருமகள்தான் ஆசிரியையிடம் சொல்லி வைத்தாளாம். பிள்ளைகள் "திருடி" என்று கூப்பிடுகிறார்களாம்.

ஆகஸ்ட் 11
எடை இறங்கியிருக்கிறது. கோதுமை உள்ளே போகிறது என்று ரத்தம் காட்டுகிறதாம். குருவி தின்பதையெல்லாம் ஆலோசனை அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். ரொட்டி என்றதும் நான் முந்திக்கொண்டேன்.
"எதுல பிசையறீங்க ஐயா?"
"என் மரத்தொட்டியிலதாம்மா. தொழில்ல இருந்த காலத்துத் தொட்டி."
"அதுல முன்னாடி என்ன மாவு பிசைஞ்சீங்க?"
"கோதுமைதாம்மா" என்றேன்.
"மரத்துல ஊறினது சுரண்டினாப் போகாது ஐயா. கழுவினாலும் போகாது."
மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குருவி யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நான் எடுக்கலன்னு சொன்னேன்ல."

ஆகஸ்ட் 12
தொட்டியைக் கோடாலியால் பிளந்தேன். விரிசல்களுக்குள் வெள்ளை வெள்ளையாக இருந்தது.
மருமகள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மாமா, இனிமே அவ தட்டுப் பக்கம் உங்க கை வர வேணாம்." அவ்வளவுதான். அடிச்ச கை மட்டும் வரலாமா? — கேட்கவில்லை. எந்த வாயால கேப்பேன்? நானும்தானே சொன்னேன்.

டிசம்பர் 6
குருவிக்குக் கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. மாடிப்படியில் ஓடுகிறாள். மருமகள் எவர்சில்வர் பாத்திரத்தில் மாவு பிசைந்து ரொட்டி சுடுகிறாள். என் பக்குவமேதான். என்னிடம் கேட்கவில்லை, பார்த்தே பிடித்துக்கொண்டிருக்கிறாள்.
தட்டு வைத்ததும் குருவி தினமும் கேட்கிறாள்: "இது யாரு செஞ்சது?"
"நான்தான்" என்கிறாள் அவள் அம்மா.
அப்புறம்தான் வாயில் வைக்கிறாள்.