வெயில் சுட்ட இலைக்குப் புல் மருந்து

லிங்கி,
மார்ச் 9

அன்புள்ள மகன் ஆரோனுக்கு,

இங்கே அப்பாவும் நானும் உடம்புக்குச் சுகம், அந்தக் குளிரில் உன்னையும் ஆண்டவர் சளி பிடிக்காமல் வைத்திருக்கட்டும். மூன்று நாளாக நான் ஏன் போன் எடுக்கவில்லை என்று அப்பாவிடம் கேட்டாயாம். எடுத்தால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

தக்காளி நாற்று பதினெட்டும் செத்துவிட்டது. முதல் இரண்டு முறை விதைத்தது மழையில் அழுகிப் போனது உனக்குத் தெரியும். இந்த முறை அடுப்படி ஜன்னலில் ஐந்து வாரம் வளர்த்து, போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை ஒரேயடியாக வெளியே வெயிலில் வைத்தேன். அது என் தவறு, நாளுக்குக் கொஞ்சமாகப் பழக்கியிருக்க வேண்டும். திங்கட்கிழமை மேல் இலைகளில் வெள்ளைத் திட்டு, காகிதம்போலக் காய்ந்து. வெயில் பட்ட பக்கம் மட்டும்தான். மறைவில் இருந்த இலை பச்சை, அடியில் பூச்சி இல்லை, குருத்தில் ஒரு புள்ளி இல்லை. நோய் வெயில் பார்த்தா வரும்? நிழலுக்கு நகர்த்திவிட்டு, இனி பிழைத்துக்கொள்ளும் என்று ஸ்கூலுக்குப் போனேன். அப்பா படம் எடுத்து உனக்கு அனுப்பினார். நீ வெயிலையே மறந்துபோன டப்ளினில் உட்கார்ந்துகொண்டு, ஃபங்கஸ்பா, மருந்து அடிச்சிருங்க என்று பதில் போட்டாய். என்ன மருந்து என்று நீ சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் புனிதனிடம் அதையே சொன்னார். அவன் இருபது வருடமாக எஸ்டேட்டில் செம்பனை எண்ணெய் மரங்களுக்கு அடியில் புல்லுக்கு மருந்து அடிக்கிறவன், அவனுக்கு மருந்து என்றால் ஒன்றுதான், புல்லைக் கொல்வது. முதுகுப் பம்போடு வந்து நன்றாக நனைய அடித்துவிட்டுப் போயிருக்கிறான். வாரம் முழுக்க வாடிக்கொண்டே போனதை வெயில் சுட்டதுதான் என்று நினைத்தேன், ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால் ஒன்றும் நிமிரவில்லை. புனிதனைக் கேட்டதற்கு, அண்ணன் மருந்துன்னுதானே சொன்னாரு டீச்சர், கொன்னுட்டு வேற நடப் போறீங்கன்னு நெனச்சேன் லா என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அப்பாவோ, மகன் படிச்சவன், சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன் என்கிறார். இந்த வீட்டில் தாவரவியல் படித்தவள் நான். நீ படித்தது கம்ப்யூட்டர். தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் சுவா ஸ்கூலில், இருபது நிமிடத் தூரத்தில் இருந்தேன், போனும் கையில்தான் இருந்தது. என்னைக் கேட்க உங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

அந்த மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு இன்று மறுபடி விதைத்தேன். அப்பா மன்னிப்புக் கேட்டார். வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார். இனி இங்கிருந்து செடியின் படம் வந்தால், "அம்மாவைக் கேளுங்க" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதாதே.

கோபம் ஆறாத உன் அம்மா,
மரியகொரெட்டி