சோளம் காயும் பக்கம்

30 ஜனவரி 2025, வியாழன்
தையல் கடையில் நாள் முழுக்க ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்தேன். சாயங்காலம் எங்கள் ஊர் அணியில் ஆடும் செவ்வந்தி வந்தாள். மாவட்டக் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்க ஞாயிற்றுக்கிழமை மேடம் ஒருவர் கச்சிராயபாளையம் வருகிறாராம். "ஆட்டத்துக்கு நீதான்டி விசிலு. வாயத் தெறக்காதவ, ஒங்கிட்ட யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க." பத்தாவதோடு நின்றதிலிருந்து நான் பந்தைத் தொடவில்லை. விசில் மட்டும்தான்.

2 பிப்ரவரி, ஞாயிறு

வளையத்துக்குப் பின்னால், கோடு வரைக்கும் ஆயம்மாள் அக்கா மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார். அங்கே நின்றால்தான் வளையத்தடியில் நடப்பது தெரியும். தானியத்தை மிதிக்க முடியுமா? ஆட்டக்காரர்களுக்குப் பின்னாலேயே நின்றேன். தெரிந்தது செவ்வந்தியின் முதுகு. 'சட்'டென்று ஒரு சத்தம். எதிரணி இசைவாணி கீழே கிடந்தாள். ஊதிவிட்டேன். செவ்வந்திக்கு ஐந்தாவது ஃபவுல்; ஐந்தானால் வெளியே. பஸ் தாமதமாகி, மேடம் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.
"இன்னாத்தப் பாத்து ஊதின? பந்தத்தான்டி அடிச்சேன்!"
வெளியே போகும்படி செவ்வந்திக்குக் கையை மட்டும் காட்டினேன்.

3 பிப்ரவரி, திங்கள்
கடையைத் தாண்டும்போது செவ்வந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

5 பிப்ரவரி, புதன்
ஊசி கோக்கும்போது நினைவு வந்தது. எங்கள் மைதானத்தில் தப்புச் செய்தவளே கையைத் தூக்குவாள். செவ்வந்தி அன்று நான்கு முறையும் தூக்கினாள். ஐந்தாவதற்குத் தூக்கவில்லை.
அப்படியானால் நான் எதைப் பார்த்தேன்? முதுகை. பிறகு, விழுந்து கிடந்தவளை. நடுவில் உள்ளதை நானே தைத்துச் சேர்த்துவிட்டேன்.
ஊதாமல் விட்டு, அடி உண்மையாக இருந்திருந்தால்? இசைவாணி பாவம். எப்படியும் யாரோ ஒருத்திக்கு அநியாயம்தான். ஆனால் ஊதாமல் விட்டிருந்தால், பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

7 பிப்ரவரி, வெள்ளி
மேடத்துக்குப் போன் செய்துவிட்டேன் — நான்!
"அந்த அஞ்சாவது ஃபவுல நான் பாக்கலைங்க மேடம்."
"பாக்காம ஏம்மா ஊதின?"
"எல்லாரும் என்னியே பாத்துகினு இருந்தாங்க."
மாவட்ட அணிப் பட்டியல் இன்னும் போகவில்லையாம். ஞாயிறு மறுபடி ஆட்டம் பார்க்க வருகிறார். வேறு யாராவது ஊதட்டும் என்றேன். "ஆளு ஏது? நீயே ஊது."

9 பிப்ரவரி, ஞாயிறு
விடிந்ததும் போய்க் கேட்டேன். "சோளத்த ரெண்டடி தள்ளிக்கலாமாக்கா?"
"அடியே, ஒனக்கு வாய்கூட இருக்குதா!" ஆயம்மாள் அக்கா துடைப்பத்தை என்னிடமே நீட்டினார்.
மாலையில் அந்த இரண்டடியில் நின்றேன். இருவருக்கும் நடுவில் இருந்த சந்து தெரிந்தது. இரண்டு முறை 'சட்' என்றது. எல்லாரும் கத்தினார்கள். கை பந்தில்தான் பட்டது. ஊதவில்லை.
கடைசி நிமிடங்களில் இசைவாணி எகிறியபோது செவ்வந்தியின் கை அவள் மணிக்கட்டில் பட்டது. சத்தமே இல்லை. இசைவாணி விழவுமில்லை. யாரும் ஃபவுல் கேட்கவில்லை. செவ்வந்திக்கு அன்றும் அது ஐந்தாவது.
ஊதினேன்.
மைதானமே என்னைத் திட்டியது. செவ்வந்தி கிட்டே வந்தாள்.
"பாத்தியா?"
"பாத்தேன்."
கையைத் தூக்கிக்கொண்டே வெளியே நடந்தாள்.

21 பிப்ரவரி, வெள்ளி
மாவட்ட அணியில் கொடுத்த நீலப் பேன்ட்டோடு செவ்வந்தி கடைக்கு வந்தாள். நீளமாம். "மூணு அங்குலம் வெட்டிடுடி."
"போட்டுகினு நில்லு. பாத்துட்டுதான் வெட்டுவேன்" என்றேன்.